பல்தடம்

மூன்று டின் மிச்சப் பெயிண்ட்:
பள்ளிக்கூட வேலிக்கு அடித்து மீந்தது ஒன்று,
என் தம்பியின் நண்டுப்படகில் மீந்தது ஒன்று,
மூன்றாவதன் மூடியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
கலக்கினோம். வந்த நிறத்துக்கு
நானும் யெர்கோவும் இன்னும் பெயர் தேடுகிறோம்.
மழை விடப்போகிற நேரத்தில் நீரிணை
ஒரு கணம் அப்படி இருக்கும்.

புந்தா அரேனாசின் காற்றுக்கு
இரவெல்லாம் தகரச் சுவர் பதில் சொல்லும் வீடு.
தூண்டில் கழிகளை வெளியேற்றிவிட்டு
இந்த அறையைப் பிடித்தோம் அவளுக்கு.
ஏழாம் மாதம்.

ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில்
மற்றவர்கள் விலை கேட்பார்கள்,
செல் அரித்ததா என்று தட்டிப் பார்ப்பார்கள்.
நான் முதலில் கேட்பது இது:
இதில் படுத்த பிள்ளை
இப்போது என்ன செய்கிறது?

தொட்டில் விற்ற மிர்த்தா
சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை திரும்பிப் பார்த்தது.
"இக்னாசியோவா? அக்கரையில், போர்வெனிரில்
லாரி ஓட்டுகிறான். தொண்ணூறு கிலோ.
போனில் கேட்டால் எழுபத்தைந்து என்பான்."
பேரம் பேசாமல் கொடுத்தேன்.

இழுப்பறைப் பெட்டி விற்றவருக்கு இரட்டைப் பெண்கள்.
ஒருத்தி பல் வைத்தியர்,
இன்னொருத்தி அவளிடம் கடன் வாங்குபவள்.
அதுவும் நல்ல பதில்தான்.
கீழறை மட்டும் பாதியில் முரண்டு பிடிக்கும்.

முதல் தடவை எல்லாம் புதிது.
வரியில்லாக் கடைத்தெருவில் வாங்கியவை:
பெட்டிக்குள் பெட்டி, உறைக்குள் உறை,
எண்ணிப் போட்ட திருகாணிகள்.
பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோனோம்.
காரணம் எழுதும் கட்டத்தை
கடைப் பையன் விரலால் காட்டினான்.
யெர்கோ யோசித்து எழுதினான்:
அளவு சரியில்லை.

இப்போது அவன் உப்புத்தாள் தேய்க்கிறான்.
தொட்டிலின் மேல்சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு
இக்னாசியோவின் பால்பற்கள்,
எலி கடித்த ரொட்டிபோல.
அந்த இடம் வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.
"இதை விட்டுவிடு."
ஏன் என்று கேட்கவில்லை. சுற்றித் தேய்த்தான்.

அவனுடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்து
போர்வை பின்னுகிறேன்.
முழங்கை தேய்ந்த இடத்தில்
நூல் அறுந்து அறுந்து வருகிறது.
முடிச்சுகளெல்லாம் உள்பக்கம்.
அவன் கம்பளித்துணியில் திமிங்கலம் தைத்தான், நான்கு.
கரையொதுங்கிய குச்சியில் கட்டித் தொங்கவிட்டோம்.
மூன்று திமிங்கலமாகவே இருக்கின்றன.
நான்காவது உருளைக்கிழங்கு.
காற்று புகுந்தால் முதலில் ஆடுவது அதுதான்.

விளக்கு கடைசியில் வாங்கியது.
பீங்கான் அடி, மஞ்சள் கூடு, ஓரத்தில் சிறு கீறல்.
விற்றவர் கையுறையைக் கழற்றிவிட்டு
செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.
வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.
தாள் சரசரப்பது நின்றது.
"ஒன்றும் செய்யவில்லை," என்றார்.
"நாலு வயசு வரைக்கும் நிறையச் செய்தாள்."

சந்தையின் மறுகோடி வரை நடந்தேன்.
சூடான ரொட்டி ஒன்று வாங்கினேன், தின்ன முடியவில்லை.
வயிற்றுக்குள் அவள் புரண்டாள்,
இடம் போதாதவர் பஸ்ஸில் புரள்வதுபோல்.
திரும்பி வந்தபோதும்
விளக்கு பாதி சுற்றியபடி இருந்தது.
பெயர் கேட்டேன். சொன்னார்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
விளக்கின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறது.

மாலை நாலு மணிக்கே இருட்டும் ஜூன்.
யாருமில்லாத தொட்டிலுக்கு
அதை ஏற்றி வைக்கிறோம்.
பெயரில்லாத நிறம் சுவரில் கொஞ்சம் பச்சையாகிறது.
பல்தடத்தில் கட்டைவிரலை வைத்தால்
சரியாக உட்காருகிறது.

ஒருநாள் இதையெல்லாம் நானும் பரப்பி விற்பேன்.
யாரோ ஒருத்தி, வயிற்றில் கை வைத்தபடி,
கேட்கத் தயங்கி நிற்பாள்.
பேரம் பேசட்டும், பாதி விலைக்குக் கேட்கட்டும்.
மிர்த்தாவைப்போல அன்று எனக்கு
சத்தமாகச் சிரிக்க வேண்டும்,
எத்தனை கிலோ ஆனாலும் சரி.

அந்தக் கீழறைக்கு மெழுகு தடவச் சொல்ல வேண்டும் யெர்கோவிடம்.